பொத்தானின் பின்பக்கம்

முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும்.
சங்கு, கிரீடம், சிங்கம் எல்லாம் முன்பக்கத்துப் பேச்சு.
பின்னால்தான் கொக்கி:
ஈயம் வைத்துப் பற்றவைத்ததா,
தகட்டைத் துளைத்து வளைத்ததா.
அதைச் சுற்றித் தேய்ந்த எழுத்தில்
'பர்மிங்' வரைக்கும் மிஞ்சியிருந்தால்
கப்பலில் வந்த சரக்கு.

தென்காசிக் கூட்டுறவு வங்கியில்
நகை உரசிப் பார்ப்பது என் பிழைப்பு.
வளையல், பாம்படம், பிள்ளையின் அரைஞாண்,
எதுவானாலும் என் கல்லில் ஒரு கோடு.
பொத்தானுக்குக் கோடு கிடையாது.
படியும் கிடையாது.

சாரல் தொடங்காத ஒரு வைகாசியில்
உச்சிமாகாளி டோக்கன் எடுத்து
வரிசையில் உட்கார்ந்து
முறை வந்ததும் துவர்த்தை அவிழ்த்தான்.
புளியரையில் கிணறு தூரெடுக்கிறவன்.
"பொன்னான்னு பாத்துச் சொல்லுங்க யக்கா."

பித்தளை என்றேன்.
முகம் வாடவில்லை.
"பின்ன என்னத்துக்கு இம்புட்டு வரிசையாக் கெடந்துச்சு?"
துணி மக்கிப்போன சேற்றில்
மேலிருந்து கீழாக ஏழு,
யாரோ மல்லாந்து படுத்திருந்த மாதிரி.

புளி போட்டுத் தேய்க்காதே என்பதற்குள்
இரண்டைத் தேய்த்துவிட்டிருந்தான்.

மூன்றில் சங்கு.
திருவாங்கூர் அஞ்சல்.
செங்கோட்டை மலைக்கு அந்தப்பக்கத்து மகாராஜாவிடம் இருந்தபோது
பக்கத்துத் தென்காசி வேற்று நாடு.
ஐம்பத்தொன்றில் அஞ்சல் தபாலில் கரைந்தது,
ஐம்பத்தாறில் ஊரே இந்தப்பக்கம் வந்தது.

இரண்டில் ஊதுகொம்பும் கிரீடமும்.
கிரீடத்தின் வளைவு உச்சியில் குழிந்தால் ராணி,
பானைமூடி போல உருண்டால் ராஜா.
ஒன்று ராணி. ஒன்று ராஜா.
ஆறாவதில் சிங்கம்.
ஏழாவது வெறும் சிரட்டை, கையால் அறுத்தது,
ஓட்டைகள்கூட நேராக இல்லை.

நாலு ஆட்சி ஒரே கோட்டில்.
நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன்:
அஞ்சல்காரராக இருந்து தபால்காரர் ஆனவர்,
வேலை மாறியும் கோட்டை மாற்றாதவர்,
அறுந்த இடத்தில் கிடைத்ததைத் தைத்துக்கொண்டவர்.
எழுத எழுத
அவருக்கு ஒரு மீசை முளைத்துவிட்டது,
இடதுகாலில் லேசான நொண்டலும்.

சிரட்டையின் ஓட்டையில் நூல் சிக்கியிருந்தது.
லென்ஸை வைத்தேன்.
நீல நைலான். உரச்சாக்கு தைக்கிற நூல்.
சங்குக்கும் இதற்கும்
இருபது வருஷமாவது தூரம்.

"இந்தக் கெணறு யாருது?"
"பூதத்தான் பெரியப்பா வயக்காட்டுக் கெணறு."
தலையைச் சொறிந்தான்.
"அவிய கிளி வெரட்ட ஒரு பொம்ம நிறுத்தியிருந்தாவளாம்,
காக்கிக் கோட்டு போட்டு.
ஒரு ஆடிக் காத்துல உள்ள விழுந்துட்டு.
ஆளு விழுந்துட்டான்னு
ரெண்டு நாளு ஒருத்தரும் தண்ணி எறைக்கலையாம்.
செங்கோட்டையிலருந்து போலீசெல்லாம் வந்துச்சாம்."

மீசையை அடித்தேன். நொண்டலையும்.
ஆனாலும் பொம்மைக்கு முந்தி
அந்தக் கோட்டுக்குள் ஒரு ஆள் இருந்தான்,
அவனுக்கு முந்தி இன்னொருவனும் இருந்திருக்கலாம்.
ராணிப் பொத்தானும் ராஜாப் பொத்தானும்
எந்த வழியாக வந்தன என்று
எந்தக் கொக்கியும் சொல்லவில்லை.
பொத்தானுக்கு வார்த்த வருஷம் உண்டு.
போட்ட வருஷம் அதற்குத் தெரியாது.

கடைசியாக அணிந்தவர் என்ற இடத்தில்
'வைக்கோல்' என்று எழுதி
மூடி வைத்தேன்.

"எடைக்குப் போட்டா என்ன தேறும்?"
ஆறும் சேர்ந்து பத்தொன்பது கிராம்.
கடைக்காரன் டீக்காசு தருவான் என்று சொல்லி
நானே முந்நூறு கொடுத்தேன்.
சிரட்டையை மட்டும் திரும்பக் கேட்டான்.
அவன் சட்டையில் நடுப்பொத்தான் இல்லை,
ஊக்கு குத்தியிருந்தது.

அடுத்த டோக்கன்.
ஒரு பெண், மஞ்சள் கயிற்றிலிருந்து கழற்றிய தாலி,
மூன்று கிராம் எழுநூறு.
திருப்பிப் பார்த்தேன்.