நாலாவது கேள்வி

பன்னிரண்டு மணிக்குப் பெரிய மண்டபம் கலைகிறது.
எனக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

கதவுக்கு வெளியே பனிச் சப்பாத்துகளின் சத்தம்.
யாரோ சிரிக்கிறாள்.
"நாலாவதுக்கு நீ என்ன எழுதினாய்?"
காவலுக்கு இருக்கும் டொரீன் பாய்ந்து போய்
கதவிடுக்கில் விரலை வாயில் வைத்துக் காட்டுகிறாள்.
நான் கேட்கக்கூடாத அந்தப் பதில்
தாழ்வாரத்தின் கோடிவரை நடந்து
லிஃப்டில் ஏறிப் போய்விட்டது.

இது நிலத்தடி அறை. யன்னல் இல்லை.
வினிப்பெக்கின் டிசம்பர்
இங்கே ஹீற்றரின் இருமல் மட்டும்தான்.
ஏழு மேசை, இடையிடையே தடுப்புப் பலகை.
என் வினாத்தாள் வெளிர் மஞ்சள்.
வெள்ளையில் எழுத்துகள்
கொதி வந்த அரிசி மாதிரி எழும்பி விழும்,
மஞ்சளில் கொஞ்சம் அடங்கும்.
விடைகளை ஒருவரும்
மஞ்சளில் அச்சடித்துத் தருவதில்லை.

"அதென்ன, உனக்கு மட்டும் கூட நேரம்?"
முதல் வருஷம் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருந்தது
வேறு யாருமில்லை, நான்தான்.

நாற்பத்திரண்டு பக்க அறிக்கை ஒன்று வேண்டியிருந்தது.
இரண்டாயிரத்து அறுநூறு டொலர்.
அப்பா அந்த நவம்பர் முழுக்க
கோழி ஃபக்டரியில் இரவு வேலைக்கும் போனார்.
எனக்கு வாசிப்பது கஷ்டம் என்பதை
நாற்பத்திரண்டு பக்கத்தில் எழுதி
என்னிடமே வாசிக்கத் தந்தார்கள்.
மூன்று இரவு பிடித்தது.

"வருத்தமோ?" என்றார் அப்பா.
"வருத்தம் இல்லை."
"அப்ப நல்லது" என்றார். பிறகு,
"அப்ப ஏன் இவ்வளவு காசு?"
அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்:
"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.
லோகேஸ்வரியக்கான்ர பெடியனைப் பார்,
புத்தகத்தை ஒருக்கால் திறந்தால் காணுமாம்."

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
என் கொப்பியில் மலை பெய்தது.
நான் மழை ஏறினேன்.
ரீச்சர் அதை உரத்து வாசித்தபோது
நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன்.
பத்து வயதில் அது ஒன்றுதான்
பிழையில்லாமல் செய்ய வந்தது.

கணினி காதுக்குள் கேள்வியை வாசிக்கிறது.
ஊர் பேர் இல்லாத குரல்.
பத்துத் தரம் கேட்டாலும் பெருமூச்சு விடாது.
சைபர் தசம் சைபர் ஆறு.
திரும்ப.
சைபர் தசம் சைபர் ஆறு.
நான் எழுதி வைத்திருப்பது சைபர் தசம் ஆறு சைபர்.
வெட்டுகிறேன். மேலே எழுதுகிறேன்.
இந்த ஒரு வெட்டுக்குத்தான் ஒன்றரை மணி நேரம்.

பன்னிரண்டே முக்காலுக்கு
கழிப்பறைக்குப் போக எழும்பினேன்.
கடைசித் தடுப்புக்குப் பின்னால்
பச்சைத் தாள், காதை மூடிய ஹெட்ஃபோன்,
சப்பாத்தைக் கழற்றிவிட்டுக்
காலுறையால் தரையைத் தட்டிக்கொண்டு
துவாரகன்.
லோகேஸ்வரியக்காவின் மகன்.

அவன் நிமிர்ந்தான்.
களவெடுத்தது யார், பிடித்தது யார்
என்று தெரியாத ஒரு பார்வை.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
டொரீனின் மணிக்கூட்டைப் பார்த்தோம்.

ஒன்றரைக்குப் பேனை வைக்கச் சொன்னாள்.
கடைசிக் கேள்வியில் பாதி எனக்கு வெறுமையாய்க் கிடந்தது.
அதற்கு நேரம் காரணமில்லை,
படிக்கவில்லை.

பஸ் தரிப்பில் மைனஸ் இருபத்தொன்பது.
கண்மடல் மயிரில் பனி பிடித்தது.
அவன் வந்து மற்றப் பக்கத்தில் நின்றான்.
ஃபோனைப் பார்த்தான். அணைந்துபோன ஃபோன்.
நான் தெருவைப் பார்த்தேன்.
ஒரு பனி அள்ளும் லொறி போனது,
இன்னொன்று போனது.

"நாலாவதுக்கு," என்றான் துவாரகன்
கழுத்துத் துணிக்குள்ளிருந்து,
"நீ என்ன எழுதினனீ?"

சொன்னேன்.
பிழை என்றான்.
இல்லை என்றேன்.
கையுறையைக் கழற்றி
உறைந்த கண்ணாடியில் ஒரு வளைவு கீறினான்.
அதன் வாலை நான் அழித்து
இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.
"அதெப்படி?" "அப்படித்தான்." "இல்லையடி, பார்…"

பஸ் வந்து நின்றது எப்போதென்று தெரியாது.
டிரைவர் கதவைத் திறந்தபடி,
அந்தக் குளிர் முழுவதையும் உள்ளே விட்டுக்கொண்டு,
ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.