காற்று சரியில்லை

மூன்று வழிகள் சொன்னாள் இர்மினா,
தேவாலயத்தின் பின்னறையில்,
கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து.
வெப்பமானி.
ஈரம் பார்த்துக் குறிப்பது.
நாட்களை மட்டும் எண்ணுவது.
அப்படி எண்ணிப் பிறந்தவன்தான்
என் மடியில் பிஸ்கட் நொறுக்கிக்கொண்டிருந்தான்.

வெப்பமானி வாங்கினோம்.
விழித்ததும், எழும் முன், பேசும் முன், நாக்கடியில்.
ஆனால் நான்
க்தினியா தூங்கப் போகும்போது
மாவு பிசையப் போகிறவள்.
எனக்கு எது விடியல்?
கோடு தாளில் தாறுமாறாய் ஏறி இறங்கியது.
போக்தான் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"இது உன் உடம்பில்லை, ஹால்ஷ்கா.
உன் பேக்கரி அடுப்பு."

ஆக, ஈரம்.
குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள்.
வறண்டது, பிசுபிசுப்பது,
முட்டை வெள்ளைக்கருவாய் இழுபடுவது.
அம்மாவிடம்கூடச் சொல்லாத சொற்கள்;
முதல் வாரம் வாய் கூசியது.
பிறகு அவனே கேட்கத் தொடங்கினான்,
"இன்றைக்கு என்ன நிறம்?"
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்.
காற்றின் வேகம் கேட்காமல்
கொக்கியை இறக்கமாட்டான்.

பச்சை வில்லை என்றால் விசிலடிப்பான்.
குழந்தைப் படம் போட்ட வெள்ளை வில்லை என்றால்
பாத்திரங்களை இரண்டு முறை கழுவுவான்.

ஒரு வியாழன்.
பையன் சீக்கிரமே தூங்கிவிட்டான்.
பச்சையா வெள்ளையா எனக்கே தெளிவில்லை.
"பரவாயில்லை" என்றேன்,
நானேதான்.
அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான்.
"காற்று சரியில்லை" என்றான்.

கோபம் வந்தது எனக்கு. மறைக்கவில்லை.
போர்வையோடு எழுந்து
சமையலறையில் சீட்டாடினோம்.
இரண்டு ஆட்டம் தோற்றேன்.
மூன்றாவதில் ஏமாற்றினேன்.