மற்றவை, குறிப்பிடுக

பதினொரு நாள் வேலை. இன்று ஒன்பது.
கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை.
அருபே என்ற என் பெயரை
அருப்பி என்று அச்சடித்திருக்கிறார்கள்.
போகட்டும், சம்பளம் சரியான பெயருக்கு வந்தால் சரி.

கலோபேயெய் முகாமுக்குள் பாதி வீடுகள்,
வெளியே எங்கள் துர்க்கானா ஆட்கள் பாதி.
இரு பக்கமும் அதே முப்பத்தொரு கேள்விகள்.
நடுவில் வேலி கிடையாது, சீமைக்கருவேலம்தான்.
அதை வெட்டிக் கரியாக்கி விற்பது நாங்கள்,
வாங்கி அடுப்பெரிப்பது அவர்கள்.
தொழில் பட்டியலில் கரிக்கு எண் இல்லை.
சட்டப் புத்தகத்தில் இருக்கிறதாம்.

நியாருவாச் பாயை விரித்தாள்.
பாய்மேல் நாலு சான்றிதழ், பிளாஸ்டிக் உறையில்,
காற்றுக்குப் பறக்காமல் ஆளுக்கொரு கல்.
தையல். சோப்பு. ரொட்டி. மறுபடி தையல்.
ரெண்டாவது தையல் எதுக்கு?
படிவத்தில் இல்லாத கேள்வி, வாய் தவறிவிட்டது.
"அதுல மத்தியானச் சாப்பாடு போட்டாங்க."
இனி எந்தப் பயிற்சியை விரும்புகிறீர்கள்?
"எதுல போடுறாங்களோ, அதை எழுது."

எக்கிட்டெலா வீட்டில் ஆடுகள் இல்லை,
ஆட்டு மணிகள் இருந்தன, ஒரு கொத்தாக.
கடந்த மூன்று மாத வருமானம் என்றதும்
என்னையே பார்த்தார். எனக்கு மாமன் முறை.
தெரிந்ததைத் தெரியாதவள்போல் கேட்பதற்கு
எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது.
பூஜ்யம் போட்டேன்.
முகாம் பக்கம் தாடையை நீட்டிச் சொன்னார்:
"அவனுக்கு அட்டைக்கு மாவு வருது. எனக்கு மண்ணு இருக்கு.
ரெண்டையும் பிசைஞ்சா என்ன வரும்னு
உன் மெஷினைக் கேளு."
மெஷின் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

இன்றைக்குக் கடைசி வீடு புஷிரி.
தங்கானிக்கா ஏரிக்கரையில்
இருபத்திரண்டு வருஷம் படகு எஞ்சின் பார்த்தவர்.
இங்கே ஆறு என்பது மணல்,
வருஷத்தில் நாலைந்து நாள் மட்டும் தண்ணீர்.
மெக்கானிக் என்று பட்டியலில் உண்டு: கார், பைக்.
"படகு?"
திரையை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன்.
என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர்
வா என்று பின்பக்கம் கூட்டிப் போனார்.

தார்ப்பாயைத் தூக்கினால்
தையல் மெஷின்கள், பதினாறு.
பயிற்சி முடிந்து, படம் எடுத்து,
ஆட்கள் ஊர் திரும்பி, ஒரு மாதத்தில் பழுதாகி
ஒவ்வொரு தடவையும் மூலையில் வீசியவை.
பதினொன்றை ஓட வைத்திருந்தார்.
"எஞ்சின்னா எஞ்சின்தான் பொண்ணே.
இது சின்னப் படகு, துணிமேல போகுது."

மிச்சம் ஐந்துக்கும் ஷட்டில் வேண்டும்.
லோட்வாரில் கிடைக்கும்.
முகாமைத் தாண்ட அவருக்குச் சீட்டு வேண்டும்,
சீட்டுக்கு விண்ணப்பம், விண்ணப்பத்துக்குக் காரணம்.
எக்கிட்டெலாவின் மகனோ வாரம் இரண்டு முறை
கரி லாரியில் லோட்வார் போய் வருகிறான்,
திரும்பும்போது காலி வண்டி.
இதை எந்தக் கேள்விக்குக் கீழே எழுத?

மற்றவை, குறிப்பிடுக:
நாற்பது எழுத்துக்கு மேல் ஏறாது.
அடித்தேன், அழித்தேன், அடித்தேன்.
மேற்பார்வையாளர் முசியோக்கா நேற்றே சொன்னார்,
"உன் வீடுகள்ல 'மற்றவை' நிறைய வருது அருபே,
கொஞ்சம் குறை."

புஷிரி கையைத் துடைத்தபடி கேட்டார்:
"உனக்கு? பன்னிரண்டாம் நாள் என்ன வேலை?"

கேள்வி ஏழு அது. தற்போதைய தொழில்.
இந்த ஒன்பது நாளில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்,
பதில் வரத் தாமதமானால்
பத்து வினாடி பொறுத்து, மறுமுறை வாசிக்க வேண்டும்.
அவர் மறுமுறை வாசிக்கவில்லை.
டேப்லெட்டில் சார்ஜ் நாலு சதவீதம்.
மூடி பைக்குள் போட்டேன்.

ஷட்டில் என்ன அளவு என்று கேட்டு
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.