கைமாற்று

சால்த்தோ ஊரின் ஆரஞ்சுக் கிடங்கில்
வாசல் காவலறை எனக்கும் நிபியாவுக்கும்.
அவளுக்குப் பகல், எனக்கு இரவு.
காலை ஆறு, மாலை ஆறு:
சாவி கைமாறும், குறிப்பேடு கைமாறும்,
அடுத்தவர் சூடு ஆறாத நாற்காலி கைமாறும்.
மேசைக்காலோடு சங்கிலி போட்ட மடிக்கணினி
இருந்த இடத்திலேயே இருக்கும்.

மலிவுச் சரக்கு.
பலகையோடு பற்றவைத்த அதன் சேமிப்பு
இரண்டாம் குளிர்காலத்தில் செத்துப்போனது.
மாற்ற முடியாது, புதிது வாங்குங்கள் என்றான் கடைக்காரன்.
நிர்வாகம் யோசிக்கிறேன் என்றது.
யோசித்துக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் மெமரி கார்டு.
தபால்தலை அளவு. பக்கத்துத் துளையில் செருகி
எஃப் பன்னிரண்டை அழுத்தினால்
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்
மழைக்கு முந்திய எறும்புகளாய் மேலேறும்.
மாத்தேக்கு வைத்த நீர் கொதிக்கும் முன்
இறக்கிவிட்டுத் திரும்பினால்
லினக்ஸ் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

அவள் அட்டையைச் செருகினால் அது அவள் கணினி:
மஞ்சள் திரை, கணக்கியல் பாடம்.
என் அட்டைக்கு என்னுடையது:
லாரி எண்கள், வானொலி, பாதியில் நிற்கும் சதுரங்கம்.
உருவிவிட்டால் தான் யாரென்றே அதற்குத் தெரியாது.
உள் பாட்டரியும் போய்விட்டது. ஒவ்வொரு மாலையும் அதற்கு
இரண்டாயிரத்துப் பத்து, ஜனவரி ஒன்று.
திருத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் அப்படியே விடுவேன்.
அந்த ஜனவரியில் என் மகள்
என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் ஒரு மாலை
நிபியா நாற்காலியை விட்டு எழவில்லை.
"போயிற்று. எழுதி எழுதித் தேய்ந்துவிட்டதாம்.
பாடம் வேறிடத்தில் பத்திரமாக இருக்கிறது.
கணினிதான் இல்லை."
கைப்பையிலிருந்து புது அட்டையும்
ஒரு அட்டை வாசிப்பானும் எடுத்தாள்,
பேருந்து நிலையக் கடையின் விலைச்சீட்டோடு.
"உன்னுடையதை நகலெடுத்துக் கொடு, வில்மார்.
முதலிலிருந்து நிறுவ எனக்குப் பொறுமையில்லை.
வெள்ளிக்கிழமை பரீட்சை."

அவள் போனபின்
அவள் பார்க்க வேண்டாதவற்றை அழித்தேன்.
பதினொரு கடிதங்கள், ஒன்றும் அனுப்பாதவை.
குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.
பிறகு, இரண்டே எழுத்துள்ள அந்தக் கட்டளை.

ஓடுவதை ஓடும்போதே நகலெடுக்காதே என்பார்கள்.
இருப்பது ஒரே கணினி, ஒரே இரவு.

பாதி போனபிறகுதான் உறைத்தது:
இந்தக் கட்டளைக்குக் கோப்பு தெரியாது, கடிதம் தெரியாது.
முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை
இருப்பதை இருப்பதுபோல் அள்ளும்,
காலி என்று கணினி சத்தியம் செய்யும் இடத்தையும்.
அழிப்பதென்றால் பெயர்ப்பலகையைக் கழற்றுவதுதானே,
ஆள் உள்ளேதான் இருப்பான்.
தேடத் தெரிந்தவள் தேடினால்
பதினொன்றும் கிடைக்கும்.

காலி இடமெல்லாம் சுழியம் நிரப்ப
வழி உண்டு. எனக்குத் தெரியும்.
அந்த நேரம் பார்த்து அக்கரை போகும் லாரி
ஒலி எழுப்பியது. போய்த் தடைக்கம்பத்தைத் தூக்கினேன்.
ஓட்டுநரிடம் பனியைப் பற்றிப் பேசினேன்,
பழம் கருகுவதைப் பற்றி,
தேவைக்கு மேலே ஐந்து நிமிடம்.
திரும்பி வந்தபோது எண்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன.
நிறுத்தவில்லை.

காலை ஆறு.
புல்லெல்லாம் வெள்ளை. கையுறையைக் கழற்றாமலே
அட்டையைச் செருகினாள்.
எறும்புகள் ஏறின.
"உன் குரங்குப் படம்தான் எனக்குமா?" என்று சிரித்தாள்.
கடவுச்சொல் கேட்டது.
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இதை நான் யோசிக்கவே இல்லை.

"யானினா," என்றேன்.

அந்த அறையில் அந்தப் பெயரை
விரல்தான் இதுவரை சொல்லியிருக்கிறது.
யார் என்று அவள் கேட்கவில்லை.
கையுறையை மட்டும் கழற்றினாள்.
"முதலெழுத்து பெரியதா, சின்னதா?"

பெரியது என்றேன்.