பன்னிரண்டு மூட்டை நேரம்

அட்டைப்பெட்டி வந்த செவ்வாய்க்கிழமை
புதுவயல் முழுக்க இருமிக்கொண்டிருந்தது.
ஆலைத் தவிட்டுக்கும் காய்ச்சலுக்கும்
தொண்டையில் ஒரே குரல்.

ஒன்பது வருடமாக என் கைக்கு ஒரு பழக்கம்:
நோயாளி உட்காருவதற்குள்
அமாக்ஸிசிலின் என்று பாதி எழுதியிருக்கும்.
காது பிறகு வந்து கையெழுத்துப் போடும்.
வெளியே இன்னும் அறுபது சீட்டு,
வேறென்ன செய்ய.

முதல் ஆள் வெள்ளைக்கண்ணு.
மூட்டை தூக்குகிறவர், தலைத்துண்டில் நெல்தூசி.
விரல்நுனியில் ஒரு குத்து,
மூக்குக்குள் குச்சி விட்டு நாலு சுற்று.
கண்ணில் நீர் முட்ட, ‘ஊசின்னா
இடுப்புலதானம்மா போடுவீங்க’ என்றார்.
பதினைந்து நிமிடம் இருங்க என்றேன்.
‘பன்னெண்டு மூட்டை’ என்றார்.
விழித்தேன்.
‘அந்த நேரத்துல பன்னெண்டு ஏத்திருவேன்.’

சின்ன ஜன்னலில் ஈரம் ஏறுவதை
நானும் அவரும் லேப் செபஸ்தியாளும்
சந்தை மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.
மேலே ஒரு கோடு.
கீழே?
ட்யூப்லைட் பக்கம் சாய்த்து
‘இருக்கு மேடம்’ என்றாள்.
‘இல்லை’ என்றேன்.
‘நூல் மாதிரி ஓடுது பாருங்க’ என்றார் வெள்ளைக்கண்ணு,
கண்ணாடி போடாத கண்ணோடு.
அவர் சொன்னதுதான் சரி.

ஃப்ளூ. விரல் ரத்தமும் ஒத்துக்கொண்டது,
ஆன்டிபயாடிக்குக்கு இங்கே வேலையில்லை.
வெறும் பாராசிட்டமாலோடு எழுந்தவர்
பந்தியில் தன் இலைக்கு மட்டும்
கந்தரப்பம் விட்டுப்போனதுபோல் பார்த்தார்.

அன்று சாயந்திரமே
பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையில்
மூன்று காப்ஸ்யூல் வாங்கினாராம்.
எனக்குக் கோபம் வரவில்லை.
நான் எழுதி எழுதிப் பழக்கிய வாய்.

பூமயிலின் ஏழுமாதக் குழந்தைக்கு
விழுந்தது ஒற்றைக் கோடு.
மூச்சை எண்ணினேன், நிமிடத்துக்கு அறுபத்து நான்கு.
விலாவுக்கடியில் தோல் குழிந்து குழிந்து எழுந்தது.
காரைக்குடிக்கு நூற்றியெட்டு கிளம்பிய பிறகும்
மேசைமேல் அந்தக் கோடு
ரொம்பச் சுத்தமாகக் கிடந்தது.

நாலாவது வாரம் வெள்ளைக்கண்ணு மறுபடி.
கூட ஒரு பீகார்ப் பையன்,
பெயர் கேட்டால் இருமல்.
‘இவனுக்கு அந்த நூலைப் பாத்துருங்கம்மா.
இவன் மூட்டையை நான் பாத்துக்குறேன்.’

பெட்டியில் வெறும் உறைகள்.
இண்டெண்ட் போட்டுப் பதினோரு நாள்.
பையனை உட்காரவைத்தேன்.
ஸ்டெத்தை உள்ளங்கையில் சூடாக்கிக்கொண்டு
பேனாவை
இழுப்பறைக்குள் போட்டேன்.