ஏழாம் பந்தி: தோல்விக்கான காரணங்கள்

படிவத்தில் மூன்று கோடு விட்டிருக்கிறார்கள்.
பாசையூர் ஐஸ் தொழிற்சாலை
அந்த மூன்று கோட்டுக்குள் அடங்கவேண்டும்.

முதலில் எழுதினேன்: எதிர்பாராத உவர்நீர்.
பேனையை வைத்துவிட்டு
அந்த முதல் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
யார் எதிர்பாராத?

ஐப்பசி. இரண்டாவது கூட்டம்.
சுண்டுக்குளி அலுவலகத்தில் ஏசி பழுது.
யன்னலுக்கு வெளியே ஆரோ ஹோன் அடித்துக்கொண்டே இருந்தான்.
ஒப்பந்தக்காரர் கோகுலறமணன்
வரப்போகும் ஒரு வருடத்தைச் சுவரில்
பச்சைக் கட்டங்களாய்க் காட்டினார்.
தண்ணீர் பவுசர் ஓடுகிற மரியறெஜிஸ்
கதவோரம் நின்றார், கதிரை காணாமல்.
"சோளகம் எழும்பினா அந்தக் கிணறு உவர்க்கும் மிஸ்."
"நல்லது, குறிச்சுக்கொள்ளுவம்" என்றேன்.
ஜெசிந்தா குறித்தாள்.
நேற்று கோப்பைக் கிண்டி எடுத்துப் பார்த்தேன்:
நீர் பற்றிக் கலந்துரையாடப்பட்டது.

மார்கழியில் எடுத்த தண்ணீர்ச் சோதனை
மிக நல்லாய் வந்தது.
மழைக்குள் எந்தக் கிணறு உவர்க்கும்?

எங்கட ஊரில் ஓம் என்பது ஒரு சொல் இல்லை.
"ஓம் மிஸ்" என்றால், காதில் விழுந்தது, அவ்வளவுதான்.
"ஓமோம்" என்றால், இந்தக் கதையை விடுங்கோ.
"ஓம், செய்யலாம்": செய்யலாம், நாங்கள் இல்லை.
"ஓம், பாப்பம்": இல்லை.
இழுத்துக்கொண்டு வருகிற ஓமுக்கு
நாலரை பஸ் போகப்போகுது என்று பொருள்.
இந்த ஊரிலேயே பிறந்தவள்,
இவை எல்லாம் தெரிந்தவள்,
மேசைக்கு அந்தப்பக்கம் போய் இருந்ததும்
எல்லா ஓமுக்கும் ஒரே பச்சை பூசினேன்.

இன்னொன்று, இதுவும் என் கைவேலை:
ஐப்பசித் திறப்புவிழாவை ஆவணிக்கு இழுத்தேன்.
கொழும்புப் பெரியவருக்கு ஆவணியில்தான் நேரம்.
வடிகட்டிக்கு ஒதுக்கிய காசு
பந்தலுக்கும் கேக்குக்கும் போனது.
சரியாகச் சோளகத்தின் நடுவில்
நாடா வெட்டினோம்.

முதல் கட்டி
கஞ்சித் தண்ணிபோல் கலங்கி வந்தது.
எல்லோரும் கைதட்டினார்கள்.
பத்து மணிக்குள் அது உருகி
பெட்டிக்குள் விளைமீன் கண் மங்கிக் கிடந்தது.
மூன்றாம் நாள் ஒரு வள்ளக்காரரும் வரவில்லை.
மரியறெஜிஸ் வந்தார், பவுசரோடு.
"கொண்டுவரட்டோ மிஸ், நல்ல தண்ணி?"
சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

போன கிழமை வேறொரு தொடக்கம்.
புன்னாலைக்கட்டுவனில் வெங்காயக் களஞ்சியம்.
ஆட்களை எண்ணி, இரண்டு கதிரை கூடப் போட்டேன்.
கட்டங்களைக் காட்டவில்லை.
"அடுத்த வருஷம் இது பாழாப்போச்சு எண்டு வையுங்கோ.
ஏன் போனது?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
காற்றாடி சுற்றியது.
நானே பதில் சொல்லிவிடுவேனோ என்று பயந்து
ஆறின தேத்தண்ணியை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.
கடைசியில் தராசில் நிறுக்கிற தவமலர்
நிலத்தைப் பார்த்தபடி:
"மாரிக்கு அந்த ஒழுங்கைக்குள்ள லொறி திரும்பாது."
அவள் பெயரோடு, அவள் சொன்ன மாதிரியே எழுதுவித்தேன்.
ஒழுங்கையை அளக்கப்போவது ஆர், எந்த நாள்?
எழுதியதை உரத்து வாசித்தேன்.
அதற்குப் பிறகு
மூன்று பேர் ஒன்றாய்க் கதைக்கத் தொடங்கினார்கள்.
கூட்டம் பிந்தித்தான் முடிந்தது.
களஞ்சியம் நிற்குமோ, எனக்குத் தெரியாது.

சரி, படிவம்.
வெட்டிவிட்டு எழுதினேன்:

மரியறெஜிஸ் சொன்னார்.
எல்லோருக்கும் கேட்டது.
நான் கேட்கவில்லை.

தலைமை அலுவலகம் இதைத் திருப்பி அனுப்பும்.
எதிர்பாராத உவர்நீர் என்றே போடச் சொல்லும்.
தொலைபேசியில், மிகவும் பணிவாக,
ஓம், பாப்பம் என்பேன்.