மிச்சம்

இந்த ஊரின் பெயர் மிச்சம்.
வைத்தவர்கள் வேறெதையோ நினைத்து வைத்திருப்பார்கள்.
வங்கிக்குப் போக, வக்கீல்களுக்குப் போக,
ஆளுக்குப் பாதியாய் எவ்வளவு தேறும் என்று
மின்கட்டண உறையில் கணக்கெழுதினேன்.
முகவரியின் கடைசிச் சொல்
தலைப்பாக ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

தரகுப் பெண் பெத்தனி
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.
குசினியை உடைக்காதீர்கள் என்றாள்,
பன்னிரண்டாயிரம் போட்டால் எட்டுத்தான் திரும்பும்.
அலுமாரிக் கைப்பிடிகளை மாற்றுங்கள்.
பல்புகள் எல்லாம் ஒரே வெளிச்சமாக இருக்கட்டும்.
முன்கதவுக்கு ஒரு நீலம், குளியலறைக்குப் புது சிலிக்கோன்,
பிறகு, எப்படிச் சொல்வது,
மெல்லியதாக ஒரு வாசனை இருக்கிறது.

பதினாறு வருடப் பொரியலை
இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை.

ஐந்நூறு பவுண், அதற்கு மேல் ஒரு பென்ஸும் இல்லை என்று
ஒப்புக்கொண்டோம்.
கடைசியாக எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது
இருவருக்கும் நினைவில்லை.

வக்கீல் கடிதங்களில் அவர் பெயர் ‘மற்றத் தரப்பு’.
மற்றத் தரப்பு சனிக்கிழமை காலை
குரொய்டனிலிருந்து டிராமில்
துளைபோடும் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தது.
சாவி கையில் இருந்தும்
யன்னலில் தட்டியது.

நடைவழியில் அந்த மாதுளைச் சிவப்பு.
மூன்று மாதம் சண்டைபிடித்து நான் பூசவைத்தது.
மலிவான வெள்ளை போதும் என்றார் கேதீஸ்.
முதல் பூச்சில் சுவர் வெட்கப்பட்டது,
இரண்டாவதில் காய்ச்சல்காரன் கன்னம் போல இருந்தது,
மூன்றாவதற்கு நானே கடைக்குப் போய்
விலைகூடிய வாளி வாங்கிவந்தேன்.
நிறத்தின் பெயர் ஓட்ஸ் கஞ்சி.
அவர் மூடியைப் படித்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினார்,
நான் பார்க்காத மாதிரி தூரிகையை நனைத்தேன்.

குளியல் தொட்டியின் ஓரம்.
பழைய கறுப்புப் பூஞ்சையை நகத்தால் சுரண்டி எடுத்தோம்.
நான் டோர்ச் பிடித்தேன்.
அவர் விரலை நனைத்து
மூச்சை அடக்கி
ஒரே இழுவையில் மூலைவரை கொண்டுபோனார்.
இடையில் யாராவது பேசியிருந்தால் கோணிப்போயிருக்கும்.
பேசாமலிருப்பதில் எங்களுக்கு நல்ல பயிற்சி.

பிறகு குழாய்.
ஏழு வருடமாக ‘நாளைக்கு’ என்று சொட்டிய குழாய்.
எண்பத்தைந்து பென்ஸ் வாஷர், நாலு நிமிடம்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவர் பற்றுச்சீட்டை மடித்து உறைக்குள் வைத்தார்.

விற்பனைப் படிவத்தில் ஒரு கேள்வி:
அயலவரோடு தகராறு ஏதும் உண்டா?
இல்லை.
வீட்டுக்குள்ளே பற்றிக் கட்டம் எதுவும் இல்லை,
அடுத்த பக்கத்திலும் தேடினேன்.

ஈரம் உண்டா என்றும் கேட்டார்கள்.
பின்னறை, வடக்குச் சுவர், ஆம் என்று எழுதினேன்.
அதன் மேலும் வெள்ளை அடிக்கலாம் என்றார்.
அடிக்கலாம், என்றேன், எழுதியது எழுதியதுதான்.
தலையாட்டிவிட்டு அந்தச் சுவரை அப்படியே விட்டார்.

செலவு நானூற்று அறுபத்துமூன்று, நாற்பது பென்ஸ்.
மீதியில் பாதி பதினெட்டுப் பவுண் முப்பது.
சில்லறையை எண்ணி மேசையில் வைத்தார்.
மேசைவிரிப்பும் புதிது,
வீடு போனதும் கடைக்குத் திரும்பவேண்டியது,
அதனால் விலைச்சீட்டு அடியில் ஒளிந்திருந்தது.

ஞாயிறு பதினொன்றுக்கு ஆட்கள் பார்க்க வருவார்கள்,
நீங்கள் இல்லாமலிருப்பது நல்லது
என்று பெத்தனி சொல்லியிருந்தாள்.
கடைசிக் கைப்பிடி ஒத்துழைக்கவில்லை.
திருகிக்கொண்டிருக்கும்போது
எங்கேயோ இரண்டு சுரத்தில் ஒரு சத்தம்.

அவர் கைபேசியை எடுத்துப் பார்த்தார்.
நான் மைக்ரோவேவைத் திறந்தேன்.
மறுபடியும்.
புகை மணியா என்று இருவரும் கூரையை அண்ணாந்தோம்.
மூன்றாம் தரம்தான் பிடிபட்டது:
பதினொரு பவுணுக்கு நேற்றுப் பூட்டிய அழைப்பு மணி.
ஒன்பது வருடமாக இந்த வீட்டுக்கு வருகிற எல்லோரும்
யன்னலில்தான் தட்டுவார்கள்.

வாசலில் ஒரு இளம் சோடி.
பெத்தனி இன்னும் காரை நிறுத்திக்கொண்டிருந்தாள்.
அந்தப் பெண் கையை ஒரு மாதிரி விரித்துப் பிடித்திருந்தாள்,
சுட்டுவிரல் நுனியில் நீலம்.

மன்னிக்கவேணும், கதவு இன்னும் காயவில்லை,
என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில்.